டென்னிஸ் ஸ்கின்னரின் 49 ஆண்டுகள்: ஒரு பின்வரிசை எம்.பி.யின் ஓட்டுப் பதிவைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான பொதுச்சபையில் 1970 முதல் 2019 வரை போல்சோவர் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தவர் டென்னிஸ் ஸ்கின்னர். இவர் காலத்தில் எட்வர்ட் ஹீத் தொடங்கி போரிஸ் ஜான்சன் வரை பத்துப் பிரதமர்கள் வந்து போனார்கள். இவரோ ஒருநாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. இணையத்தில் தேடினால் இவர் அடித்த கிண்டல்களின் காணொளிகள்தான் முதலில் வருகின்றன. அவையும் சுவையானவைதான். ஆனால் ஒரு சாதாரண எம்.பி. தன் ஓட்டையும் நேரத்தையும் வைத்து என்னென்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள இவருடைய பதிவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இந்தப் பக்கம்.

யார் இந்த ஸ்கின்னர்? எங்கிருந்து வந்தார்?

1932 பிப்ரவரி 11 அன்று டார்பிஷயரில் உள்ள கிளே கிராஸ் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலையிலிருந்து துரத்தப்பட்டவர். மகன் நன்றாகப் படித்து கிராமர் ஸ்கூலுக்குப் போனாலும், 1949-ல் பார்க்ஹவுஸ் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். அது 1962-ல் மூடப்பட்டதும் கிளாப்வெல் சுரங்கம். முப்பதுகளிலேயே டார்பிஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1970-ல் நாடாளுமன்றத்துக்கு வரும்போது நிலத்தடி வேலை பார்த்த இருபது ஆண்டு அனுபவம் அவருக்கு இருந்தது.

குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழைகளுக்கான அரசு வீடுகளின் வாடகையை உயர்த்தச் சொன்ன 1972 வீட்டுவசதி நிதிச் சட்டத்தை கிளே கிராஸ் ஊராட்சி மன்றம் நிறைவேற்ற மறுத்தது. அதற்காக 11 கவுன்சிலர்கள் மீது சொந்தப் பணத்திலிருந்து கட்டும்படி அபராதம் விழுந்தது. அந்தப் பதினொரு பேரில் ஸ்கின்னரின் சகோதரர்களும் உண்டு. மேலிடத்து உத்தரவை மீறுவது அந்த வீட்டில் புதிதல்ல.

பின்வரிசை எம்.பி. என்கிறீர்கள். படங்களில் முன்வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறார்?

அமைச்சர்களும் எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சர்களும் உட்காரும் இடம் முன்வரிசை. பதவி இல்லாத மற்ற எல்லோரும் பின்வரிசைக்காரர்கள். அவையின் இரு பக்கத்தையும் நடுவில் ஒரு நடைபாதை வெட்டுகிறது. அந்த நடைபாதைக்குக் கீழ்ப்புறம் உள்ள முதல் பெஞ்சு கட்சித் தலைமைக்கு உரியதல்ல. அதன் மூலை இருக்கைதான் ஸ்கின்னரின் இடம். பிரதமர் பேசும்போது சில அடி தூரத்தில், நேராகக் காதில் விழும்படி குரல் கொடுக்க வசதியான இடம்.

650 உறுப்பினர்கள் உள்ள அவையில் உட்கார இடம் ஏறக்குறைய 427 பேருக்குத்தான். முன்னதாக வந்தால்தான் இருக்கை. 2015 தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 56 இடங்களோடு வந்தபோது அந்த பெஞ்சைத் தங்களுடையதாக்கிக்கொள்ளப் பார்த்தார்கள். அப்போது 83 வயதான ஸ்கின்னர் காலையிலேயே வந்து இடம் பிடித்தார். கடைசியில் மூலை இருக்கை அவருக்கே என்று ஆனது.

அங்கே எம்.பி.க்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்? அது எப்படிப் பதிவாகிறது?

முதலில் குரல் ஓட்டு. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் கத்தினால் சபாநாயகர் டிவிஷனுக்கு உத்தரவிடுவார். வளாகம் முழுக்க மணி அடிக்கும். எட்டு நிமிடம்தான் அவகாசம். அதற்குள் அவையின் இரு பக்கமும் உள்ள நீண்ட கூடங்களில் ஒன்றுக்குள் நடந்து போயிருக்க வேண்டும். 'ஆம்' என்பவர்கள் ஒரு கூடம், 'இல்லை' என்பவர்கள் மற்றொன்று. பிறகு கதவைப் பூட்டிவிடுவார்கள். வாசலில் நிற்பவர்கள் தலையை எண்ணுவார்கள், ஸ்கின்னர் காலத்தில் எழுத்தர்கள் பெயரைக் குறித்தார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் அவைக்குறிப்பான ஹான்சார்டில் அச்சாகும். யார் எந்தக் கூடத்தில் நடந்தார் என்பது அன்றிலிருந்து பொதுச்சொத்து.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நடுநிலை வகிப்பதைப் பதிவு செய்ய வழியே கிடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் புறக்கணித்தவரும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரும், ஊரில் திருமணத்துக்குப் போனவரும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், அதாவது தெரியவே மாட்டார்கள். இணையத்தில் 'இவர் இந்த ஓட்டெடுப்பில் பங்கேற்கவில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கோபப்படுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிலர் இரண்டு கூடங்களிலும் நடந்து தங்கள் நடுநிலையைக் காட்டுவார்கள். அது சுற்றுவழிதான், ஆனாலும் பதிவில் நிற்கும்.

கொறடா உத்தரவை மீறினால் பதவி போகாதா?

இந்தியாவில் போகும். 1985-ல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ ஓட்டுப் போடாமல் இருந்தாலோ உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். அதனால் ஒரு இந்திய எம்.பி.யின் ஓட்டுப் பதிவைப் பார்த்து அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்வது கடினம்.

பிரிட்டனில் அப்படிச் சட்டம் இல்லை. வாராவாரம் உறுப்பினர்களுக்கு வரும் சுற்றறிக்கையில் ஒவ்வொரு ஓட்டெடுப்புக்கும் கீழே கோடு போட்டிருக்கும். ஒரு கோடு என்றால் வந்தால் நல்லது, மூன்று கோடு என்றால் வந்தே ஆக வேண்டும், சொன்னபடி போட்டே ஆக வேண்டும். மீறினால் பதவி உயர்வு கிடைக்காது. மிஞ்சிப்போனால் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்குவார்கள். 2019 செப்டம்பரில் கன்சர்வேட்டிவ் கட்சி 21 பேரை ஒரே நாளில் அப்படி நீக்கியது. 2024 ஜூலையில் இரண்டு குழந்தைகளுக்கு மட்டுமே அரசு உதவித்தொகை என்ற வரம்பை நீக்கக் கோரி ஓட்டுப் போட்ட ஏழு பேரைத் தொழிற்கட்சி நீக்கியது. ஆனால் எம்.பி. பதவி அவர்களிடமே இருக்கும். அதனால் அங்கே ஒருவர் கட்சியை மீறிப் போட்ட ஓட்டுக்குக் கனம் அதிகம். பதவி உயர்வையே விரும்பாதவரிடம் கொறடாவுக்கு என்ன பிடி இருக்கிறது? ஸ்கின்னரிடம் இருந்தது அந்தச் சுதந்திரம்.

சரி, முக்கியமான ஓட்டுகளில் அவர் எந்தப் பக்கம்?

போரும் ஆயுதமும் சம்பந்தப்பட்டவற்றில் கோடு நேராகப் போகிறது. 2003 மார்ச் 18 அன்று இராக் போருக்கு 412-க்கு 149 என்ற கணக்கில் அவை ஒப்புதல் தந்தபோது அவர் எதிர்த்தார். 2007 மார்ச்சில் டிரைடென்ட் அணு ஆயுத நீர்மூழ்கிகளைப் புதுப்பிக்கும் தீர்மானம் 409-க்கு 161 என நிறைவேறியது; அதற்கும் எதிர்ப்பு. 2011 மார்ச்சில் லிபியா மீதான தாக்குதலுக்கு 557 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு. அந்த 13-ல் ஒருவர். 2015 டிசம்பரில் சிரியா மீது வான்தாக்குதல், 397-க்கு 223. அங்கேயும் இல்லை என்றே நடந்தார்.

குடிமக்கள் உரிமையில் குறிப்பிட வேண்டியது 2005 நவம்பர் 9. பயங்கரவாதச் சந்தேக நபர்களைக் குற்றச்சாட்டு இல்லாமல் 90 நாள் அடைத்துவைக்க டோனி பிளேர் அரசு அதிகாரம் கேட்டது. 322-க்கு 291 என அரசு தோற்றது. பிரதமரான பிறகு பிளேர் பொதுச்சபையில் கண்ட முதல் தோல்வி அதுதான். தன் கட்சி அரசைத் தோற்கடித்த தொழிற்கட்சிக்காரர்களில் ஸ்கின்னரும் ஒருவர்.

தன்பாலின உறவாளர்களுக்குப் பாலுறவுச் சம்மதத்தில் சம வயது வரம்பு, திருமணத்துக்கு இணையான சட்டப் பதிவான சிவில் இணைவு, தத்தெடுக்கும் உரிமை, 2013-ல் திருமணச் சமத்துவம் என்று வந்த ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகவே ஓட்டுப் போட்டிருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிய சுரங்கத் தொழிலாளி பழைய ஆளாகத்தான் இருப்பார் என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

அப்படியென்றால் எப்போதும் கட்சியை எதிர்த்தவரா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் பதிவைத் தவறாகப் படிக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பிரிட்டன் இருக்கக் கூடாது என்பதில் அவர் கடைசி வரை மாறவே இல்லை. 1971 அக்டோபர் 28 அன்று அப்போதைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரலாமா என்ற ஓட்டெடுப்பு வந்தது. 356-க்கு 244 என ஒப்புதல் கிடைத்தது. எதிர்த்துப் போடச் சொன்னது தொழிற்கட்சிக் கொறடா. ஸ்கின்னர் எதிர்த்தார், ஆக, விசுவாசி. 1993-ல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்த மசோதாவின் இறுதி ஓட்டெடுப்பில் ஒதுங்கி நிற்கச் சொன்னது கட்சி. அவர் எதிர்த்தே போட்டார், ஆக, கலகக்காரர். 2017 பிப்ரவரியில் வெளியேறும் நடைமுறையைத் தொடங்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதாவை ஆதரிக்கச் சொன்னார் கட்சித் தலைவர் ஜெரமி கார்பின். ஸ்கின்னர் ஆதரித்தார், மறுபடியும் விசுவாசி. அதே 2017 செப்டம்பரில் வெளியேற்ற மசோதாவின் இரண்டாம் வாசிப்பை, அதாவது அதன் முதல் பெரிய ஓட்டெடுப்பில் அதை, எதிர்க்கச் சொன்னது கட்சி. 326-க்கு 290 என அது தேறியபோது, கன்சர்வேட்டிவ் அரசோடு ஒரே கூடத்தில் நடந்த ஏழு தொழிற்கட்சியினரில் ஸ்கின்னரும் இருந்தார். பின்வரிசையில் அவரோடு எத்தனையோ ஆண்டு இருந்த நண்பர் கார்பின்தான் அப்போது தலைவர்.

நாற்பத்தாறு ஆண்டுகளில் அவர் கருத்து ஓர் அங்குலம் நகரவில்லை. நகர்ந்தது கட்சிதான். ஆனால் 'கட்சியை எத்தனை முறை மீறினார்' என்று எண்ணும் அட்டவணையில் அவர்தான் அங்கும் இங்கும் தாவியவர் போலத் தெரிவார். மீறல் எண்ணிக்கை என்பது உறுப்பினருக்கும் கட்சிக்கும் நடுவில் உள்ள தூரத்தின் அளவு. யார் விலகிப் போனார் என்பதை அது சொல்லாது.

மேலே சொன்ன சிரியா ஓட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அன்று கார்பின் கொறடா உத்தரவே போடவில்லை; அவரவர் மனச்சாட்சிப்படி போடலாம் என்றார். அதனால் ஸ்கின்னரின் அந்த ஓட்டு கலகக் கணக்கில் சேராது. இராக்கில் போட்டதும் சிரியாவில் போட்டதும் ஒரே மனிதரின் ஒரே மாதிரி ஓட்டு. ஒன்று கலகம், மற்றொன்று இல்லை.

அப்புறம், அன்றாட ஓட்டெடுப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அவர் தன் கட்சியோடுதான் நடந்தார். தொழிற்கட்சி அரசு இருப்பதும் இல்லாமல் போவதும் சுரங்க ஊர்களில் என்ன வித்தியாசத்தை உண்டாக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவை வருகையில் இவர் பெயர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சுரங்கத்தில் ஒரு ஷிஃப்ட் தவறவிட்டால் வேலை போய்விடும், இங்கே மட்டும் ஏன் வேறு மாதிரி என்பது அவர் நிலை. வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போக மாட்டார். நாடாளுமன்ற மதுக்கூடத்தில் உட்கார மாட்டார். முக்கியமாக, 'பேரிங்' என்ற ஏற்பாட்டில் சேரவே மாட்டார்.

பேரிங் என்றால், ஒரு கட்சி உறுப்பினர் வர முடியாதபோது எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் ஓட்டுப் போடாமல் இருப்பது. இரண்டு கொறடாக்களுக்கு இடையிலான வாய்மொழி ஒப்பந்தம். எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்தப் பதிவிலும் வராது. மக்கள் தன்னை அனுப்பியது கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் போக வசதி செய்து கொடுக்க இல்லை என்பது ஸ்கின்னரின் வாதம்.

இந்த ஒப்பந்தம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது 1979 மார்ச் 28 இரவு தெரிந்தது. ஜேம்ஸ் காலகன் தலைமையிலான தொழிற்கட்சி அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஒவ்வொரு தலையும் கணக்கு. தொழிற்கட்சியின் ஆல்ஃபிரட் பிராட்டன் மரணப் படுக்கையில். ஆம்புலன்ஸில் வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் அவர் ஓட்டு சேரும். ஆனால் பயணத்தில் உயிர் போகலாம் என்றார்கள் மருத்துவர்கள். காலகன் வேண்டாம் என்றுவிட்டார். தொழிற்கட்சித் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன், கன்சர்வேட்டிவ் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரிலிடம் போய் நோயாளிக்காகப் பேரிங் கேட்டார். இப்படி ஒரு ஓட்டெடுப்பில் தன் கட்சியில் எவரையும் கேட்க முடியாது, ஆனால் கொடுத்த வாக்குக்காக நானே ஓட்டுப் போடாமல் இருக்கிறேன் என்றார் வெதரில். அது அவருடைய அரசியல் வாழ்க்கையையே முடித்துவிடும். ஹாரிசன் அதை ஏற்கவில்லை. 311-க்கு 310. ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. பிராட்டன் சில நாட்களில் இறந்தார். அடுத்து வந்தது மார்கரெட் தாட்சர் ஆட்சி.

இரண்டு கண்ணியமான மனிதர்களின் கதை என்றே இதைச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கண்ணியத்தை மட்டும் நம்பி ஓட்டை ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்து என்பதும் இதே கதையில் இருக்கிறது. 2018 ஜூலையில் மகப்பேறு விடுப்பில் இருந்த லிபரல் டெமாக்ரட் ஜோ ஸ்வின்சனோடு பேரிங் போட்டிருந்த கன்சர்வேட்டிவ் கட்சிச் சேர்மன் பிராண்டன் லூயிஸ், பிரெக்ஸிட் ஓட்டெடுப்புகளில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டார். பெரிய சத்தம் கிளம்பியது. 2019 ஜனவரியில் புதிதாகப் பெற்றோரானவர்களுக்குப் பதிலாள் ஓட்டு முறை வந்தது. அது பதிவில் வெளிப்படையாக வரும். ஸ்கின்னரின் பிடிவாதம் அநாவசியம் என்று நினைத்தவர்கள் அன்று கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

ஒரு பின்வரிசை எம்.பி. ஒரு மசோதாவையே நிறுத்த முடியுமா? 1985-ல் என்ன நடந்தது?

அவருடைய 49 ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான்.

இனாக் பவல் என்ற மூத்த உறுப்பினர் மனிதக் கருக்கள் மீதான ஆராய்ச்சியைத் தடை செய்யும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பரம்பரை நோய்கள் பற்றிய ஆராய்ச்சியும், குழந்தையின்மைக்கான சிகிச்சையை மேம்படுத்தும் ஆராய்ச்சியும் அதோடு நின்றுபோகும் என்ற கவலை இருந்தது. இரண்டாம் வாசிப்பில் மசோதாவுக்குப் பெரிய ஆதரவு. நேராக ஓட்டெடுப்புக்கு விட்டால் தேறிவிடும். எதிரணிக்கு இருந்த ஒரே ஆயுதம் நேரம்.

தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்படுவது வெள்ளிக்கிழமைகள். காலை ஒன்பதரைக்கு அவை கூடும், பிற்பகல் இரண்டரைக்கு அந்த வேலை முடியும். அதற்குள் முடியாத மசோதா பெரும்பாலும் செத்த மசோதா. எனவே பவலின் ஆதரவாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 1985 ஜூன் 7 வெள்ளிக்கிழமை, தனிநபர் தீர்மானத்துக்குச் சீட்டுக் குலுக்கலில் வாய்ப்புப் பெற்ற ஓர் உறுப்பினர், இந்த மசோதா முடியும் வரை அவை தொடர்ந்து கூட வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறினால் நேரம் என்ற ஆயுதம் பறிபோகும்.

அன்று காலை ஸ்கின்னர் எழுந்தார். பிரெக்கன் அண்ட் ராட்னர் தொகுதியில் இடைத்தேர்தல் நடத்த ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். காலியான இடத்துக்குத் தேர்தல் ஆணை கேட்பது அவையின் உரிமை சார்ந்த விஷயம். மற்ற எல்லா அலுவலையும் முந்திக்கொண்டு முதலில் எடுக்க வேண்டும். அந்த இடத்தை வைத்திருந்த கட்சியே ஆணையைக் கேட்பதுதான் வழக்கம். ஆனால் அது வழக்கம் மட்டுமே, விதி இல்லை. எந்த உறுப்பினரும் கேட்கலாம், கேட்டால் விவாதம் நடத்தலாம். ஸ்கின்னர் பேசினார். அவரோடு சேர்ந்தவர்களும் பேசினார்கள். தொகுதியின் வரலாறு, அங்குள்ள மக்கள், இடைத்தேர்தலின் அவசியம் என்று நேரம் போனது. பவல் தரப்பின் தீர்மானத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. மசோதா அத்தோடு முடிந்தது. இடைத்தேர்தலும் ஜூலை 4-ல் நடந்தது.

1990-ல் மனிதக் கருவுறுதல், கருவியல் சட்டம் வந்தபோது அந்த ஆராய்ச்சி தடை செய்யப்படாமல் ஒழுங்குமுறைக்குள் வந்தது. இடையில் ஐந்தாண்டு அவகாசம் கிடைத்ததில் அந்த வெள்ளிக்கிழமைக்கும் பங்கு உண்டு. 1989 ஜனவரி 20 அன்று கருக்கலைப்புக்கான வார வரம்பைக் குறைக்கும் முயற்சி வந்தபோது, ரிச்மண்ட் இடைத்தேர்தலை வைத்து இதே வழியில் மறுபடியும் தடுத்தார்.

இந்த இரண்டு நாளும் ஓட்டுப் பதிவில் ஏறக்குறைய எதையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய ஓட்டுகளை மட்டும் கூட்டிக் கழிப்பவர் கண்ணில் இது படவே படாது.

பெரும்பான்மையின் விருப்பத்தை இப்படித் தடுப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். என் பதில்: தனிநபர் மசோதாவுக்கு நேர வரம்பு வைத்ததே, அரசின் பொறுப்பேற்பு இல்லாத சட்டம் லேசில் நிறைவேறக் கூடாது என்பதற்காக. அந்த விதியை முதலில் வளைக்கப் பார்த்தது எதிர்த்தரப்பு. ஸ்கின்னர் விதியைக் கரைத்துக் குடித்திருந்தார், அவ்வளவுதான்.

அவையிலிருந்து எத்தனை முறை வெளியேற்றப்பட்டார்?

பத்து முறைக்குக் குறையாது. 1984-ல் எஸ்.டி.பி. கட்சித் தலைவர் டேவிட் ஓவனைப் பகட்டுக்காரன் என்று அடைமொழி சேர்த்து ஒரு வசைச் சொல்லால் திட்டினார். திரும்பப் பெறச் சொன்னதும் அடைமொழியை மட்டும் திரும்பப் பெறுகிறேன் என்றார். வெளியே அனுப்பப்பட்டார். 2016 ஏப்ரல் 11 அன்று, பணக்காரர்களின் வெளிநாட்டுக் கணக்குகளை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் வெளிவந்த சூட்டில், பிரதமர் டேவிட் கேமரனை 'தில்லுமுல்லு டேவ்' என்ற பொருளில் அழைத்தார். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறச் சொன்னார் சபாநாயகர் ஜான் பெர்கோ. ஸ்கின்னர் அதே சொல்லை இன்னொரு முறை சொன்னார். அன்று முழுவதும் அவைக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. எழுந்து நடந்தார்.

வெளியேற்றப்பட்ட உறுப்பினர் அன்றைய ஓட்டெடுப்பிலும் கலந்துகொள்ள முடியாது. ஓட்டை இவ்வளவு மதித்தவர் இந்த விலையைக் கொடுத்தது எனக்கு உறுத்துகிறது. கேள்வியின் கூர்மை இருக்கட்டும், அந்த ஒரு சொல்லை விட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

ராணியின் உரையன்று குரல் கொடுப்பது பற்றி?

ஆண்டுக் கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் மேலவையிலிருந்து கறுப்புத் தடி ஏந்திய அதிகாரி வந்து, அங்கே ராணியின் உரையைக் கேட்க உறுப்பினர்களை அழைப்பார். அவை அமைதியாக இருக்கும் அந்த நொடியில் ஸ்கின்னர் ஒரு வரி சொல்வார். 1992-ல் ராணியை வரி கட்டச் சொல்லுங்கள் என்றார். மற்றவர்கள் எழுந்து மேலவைக்குப் போவார்கள். அவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1990 நவம்பர் 22. பதவி விலகுவதாக அன்று காலையில்தான் தாட்சர் அறிவித்திருந்தார். ஐரோப்பிய மத்திய வங்கிக்கு எதிரான போராட்டத்தைத் தொடர்வாரா என்று ஒருவர் கேட்க, இல்லை, அதற்கு அவரே கவர்னராகப் போகிறார் என்று குரல் கொடுத்தார் ஸ்கின்னர். அவையே சிரித்தது. நல்ல யோசனை என்று தாட்சரும் சிரித்தார். 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தின்போது தன் சம்பளத்தைச் சங்கத்துக்குக் கொடுத்தவர், அந்த வேலைநிறுத்தத்தை முறியடித்த பிரதமரைச் சிரிக்க வைத்தார்.

தொகுதிக்கு என்ன செய்தார்?

போல்சோவர், ஷயர்புரூக் சுரங்கங்கள் இரண்டும் 1993-ல் மூடப்பட்டன. ஷயர்புரூக் சுரங்கம் இருந்த நிலத்தில் பிறகு வந்தது ஸ்போர்ட்ஸ் டைரக்ட் நிறுவனத்தின் மாபெரும் கிடங்கு. நிரந்தர வேலை நேரமே உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்களில் ஆட்கள். அப்பாவும் தாத்தாவும் சங்க உறுப்பினர்களாக இறங்கிய அதே மண்ணில் இது. ஸ்கின்னர் இதை அவையில் எழுப்பினார். 2016-ல் நாடாளுமன்ற வணிகக் குழு விசாரித்து, அங்குள்ள நிலை நவீன நிறுவனத்தைவிட விக்டோரியா காலத்து ஏழைகள் பணியகத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்று அறிக்கை தந்தது. பத்திரிகைகள், தொழிற்சங்கம், குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்கின்னர் ஒருவரே சாதித்தார் என்று எழுத முடியாது. 2009-ல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்தபோது மிகக் குறைவாகச் செலவு கேட்டவர்களில் அவரும் இருந்தார் என்பதையும் தொகுதிக்காரர்கள் கவனித்திருந்தார்கள்.

பிறகு ஏன் 2019-ல் தோற்றார்?

2016 வாக்கெடுப்பில் போல்சோவர் மாவட்டத்தில் 70.8 சதவீதம் பேர் ஒன்றியத்தை விட்டு வெளியேற ஓட்டுப் போட்டார்கள். அவர்களுடைய எம்.பி.யும் அதே கருத்துக்காரர். 2019-ல் மறுவாக்கெடுப்பு நடத்துவோம் என்று தொழிற்கட்சி தேர்தலில் நின்றது. மக்கள் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். டிசம்பர் 12 அன்று, 87 வயதில், கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மார்க் ஃப்ளெட்சரிடம் தோற்றார். ஒன்றியத்தை எதிர்த்து 46 ஆண்டுகளாக அவர் போட்ட ஓட்டுகள் அன்று அவரைக் காப்பாற்றவில்லை. தனி எம்.பி.யின் பதிவைப் பார்த்து ஓட்டுப் போடுபவர்கள் மிகக் குறைவு என்பது கசப்பான உண்மை. இந்தத் தோல்வியை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மிக மூத்தவராக இருந்தும் 'அவையின் தந்தை' ஆகவில்லையே?

இடைவெளி இல்லாமல் அதிகக் காலம் இருப்பவருக்கு அந்தப் பட்டம். ஒரே தேர்தலில் வந்தவர்களில் யார் முதலில் உறுதிமொழி எடுத்தார் என்று பார்ப்பார்கள். 1970-ல் ஜெரால்ட் காஃப்மனும் கென்னத் கிளார்க்கும் ஸ்கின்னருக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு எம்.பி.யின் பதிவை நானே பார்க்க வேண்டுமானால்?

ஹான்சார்டின் அவைக்குறிப்புகள் 1803 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'தே வர்க் ஃபார் யூ', 'பப்ளிக் விப்' போன்ற தளங்கள் ஓட்டுகளைத் தலைப்பு வாரியாகத் தொகுத்துத் தருகின்றன. ஆனால் பப்ளிக் விப் 1997-க்கு முன்னால் போகாது. ஸ்கின்னரைப் பொறுத்தவரை முதல் 27 ஆண்டுகள், அதாவது பாதிக்கும் மேல், அதில் இல்லை. அதற்கு ஹான்சார்டில் தேதி போட்டுத் தேட வேண்டும்.

தேடும்போது ஒரு ஓட்டெடுப்பை எடுத்துக்கொண்டு, அன்று கொறடா உத்தரவு இருந்ததா, அவர் கட்சியில் மற்றவர்கள் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் அன்றைய விவாதத்தில் பேசியிருக்கிறாரா என்று தேடுங்கள். பேசிவிட்டு ஓட்டுப் போடாமல் இருந்திருந்தால் அது வேண்டுமென்றே ஒதுங்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே அதற்கு முந்தைய, பிந்தைய வெள்ளிக்கிழமைக் குறிப்புகளையும் புரட்டுங்கள். தொடங்க ஒரு நாள் வேண்டுமென்றால், 1985 ஜூன் 7.